ஃபுட்சாஃப்ட்டுக்கு ஒரு ப்ளக்இன்: விலைப்பட்டியலை உள்ளே கொண்டுவருவது எப்படி?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு. லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட், ஸ்டூடன்ட் அட்டென்டன்ஸ் என்று நம்ம சீனியர்கள் காலத்திலிருந்து சுத்திக்கிட்டே இருக்கிற அதே மூணு தலைப்பு இந்த வருஷமும் நோட்டீஸ் போர்டைச் சுத்தி வருது. அதைச் செய்ய வேண்டாம்னு சொல்லல. ஆனா யாரோ நிஜமாகவே தினமும் பயன்படுத்துகிற ஒரு மென்பொருளுக்குள் போய், அதில் ஒரு சின்ன வேலையை உருப்படியாகச் செய்து பார்த்தால் கிடைக்கிற அனுபவம் வேற மாதிரி. இந்தக் கட்டுரை அப்படி ஒரு சின்ன வேலையைப் பற்றியது. ஒரு ஃபைலைப் படித்து டேட்டாபேஸில் போடணும், அவ்வளவுதான். கேட்டா அரை நாள் வேலை மாதிரி தெரியும். படிச்சுப் பாருங்க.

மென்பொருளின் பெயர் ஃபுட்சாஃப்ட். ஜெர்மனியில் பிறந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, நெதர்லாந்து நாடுகளில் இருக்கும் உணவுக் கூட்டுறவுக் குழுக்கள் இதைப் பயன்படுத்துகின்றன. ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருள். உரிமம் ஏ.ஜி.பி.எல். மூன்றாம் பதிப்பு. அதாவது, நீங்கள் இதை மாற்றி எழுதி ஒரு சர்வரில் ஓடவிட்டால், அந்தச் சர்வரைப் பயன்படுத்துகிறவர்களுக்கு உங்கள் மாற்றங்களின் மூலநிரலையும் தர வேண்டும்.

உணவுக் கூட்டுறவு என்றால் கடை அல்ல. முப்பது நாற்பது வீட்டுக்காரர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். இயற்கை விளைபொருள் விற்கும் மொத்த வியாபாரியிடமோ நேரே விவசாயியிடமோ மொத்தமாக ஆர்டர் போடுகிறார்கள். சரக்கு வந்திறங்கியதும் உறுப்பினர்களே பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். சம்பளத்துக்கு ஆள் கிடையாது. கணக்குப் பார்ப்பவர், ஆர்டர் போடுபவர், பெட்டி தூக்குபவர் எல்லாருமே உறுப்பினர்கள்தான், அதுவும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கிடைக்கும் நேரத்தில். லாபம் வைக்காத இடம் என்பதால் தவறுக்கும் அங்கே பணம் கிடையாது. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி திரும்ப வரும்.

மொத்த வியாபாரி பெட்டி பெட்டியாகத்தான் விற்பார். தக்காளி சாஸ் ஆறு பாட்டில் கொண்ட பெட்டியாக வருகிறது என்று வையுங்கள். ஒரு வீட்டுக்கு ஆறு பாட்டில் எதுக்கு? இதற்கு ஃபுட்சாஃப்ட்டில் ஓர் அழகான ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு உறுப்பினரும் இரண்டு எண்களைக் கொடுக்கலாம்: எனக்கு இவ்வளவு வேண்டும், பெட்டி நிறைய வேண்டுமானால் இன்னும் இவ்வளவு வரை எடுத்துக்கொள்வேன். இரண்டாவது எண்ணுக்கு அங்கே வைத்திருக்கும் பெயர் டாலரன்ஸ். முதல் வீடு 2 கேட்டு, இன்னும் 1 வரை சரி என்கிறது. அடுத்த வீடு 2 மட்டும். மூன்றாவது வீடு 1 கேட்டு, இன்னும் 2 வரை சரி என்கிறது. கேட்டது மொத்தம் 5, டாலரன்ஸ் மொத்தம் 3. பெட்டியின் அளவு 6. ஐந்தோடு மூன்றைக் கூட்டினால் ஆறைத் தாண்டுகிறது, ஆகவே ஒரு பெட்டி ஆர்டர் ஆகிறது. மீதி ஒரு பாட்டில் டாலரன்ஸ் கொடுத்தவர்களில் ஒருவருக்குப் போகும்.

இப்போ இதைப் பாருங்க. இறக்குமதி செய்த கோப்பில் பெட்டி அளவு 6-க்குப் பதிலா 12 என்று விழுந்தால்? 8 என்பது 12-ஐ எட்டாது. யாருக்கும் சாஸ் கிடையாது. அதுகூடப் பரவாயில்லை. பெட்டி அளவு இருக்கும் பத்தியை உங்கள் நிரல் தவறவிட்டு 1 என்று வைத்துக்கொண்டால்? மென்பொருள் கணக்கில் 5 'பெட்டி' தேவை. பட்டியல் மொத்த வியாபாரியிடம் போகிறது. அவர் 5 பெட்டி என்று படித்து, 30 பாட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். கேட்டதோ 5 பாட்டில். மீதி இருபத்தைந்துக்கும் யார் பணம் கட்டுவது? ஒரே ஒரு பத்தி எண் பிசகினதுக்கு இவ்வளவு.

விலையும் இப்படித்தான். உறுப்பினர் கட்டும் விலையை ஃபுட்சாஃப்ட் இப்படிக் கணக்கிடுகிறது: நிகர விலையோடு பாட்டில் வைப்புத்தொகையைக் கூட்டு, அதன்மேல் வரி விகிதத்தைப் போடு, வந்த தொகையின்மேல் கூட்டுறவு தன் செலவுக்காக வைத்திருக்கும் கூடுதல் சதவீதத்தைப் போடு. நிகர விலை 1.89 யூரோ, வைப்புத்தொகை இல்லை, வரி 7 சதவீதம் என்றால் 2.02 வரும். கூட்டுறவின் பங்கு 5 சதவீதம் என்றால் 2.12. இந்தத் தொகை குடும்பத்தின் கணக்கு இருப்பிலிருந்து கழிக்கப்படும். ஆக, உங்கள் நிரல் டேட்டாபேஸில் எழுதும் எண் நேராக ஒருத்தர் வீட்டுப் பணத்தைத் தொடுகிறது.

சரி, விலைப்பட்டியலை ஏன் கோப்பாக இறக்க வேண்டும்? கையால் தட்டினால் ஆகாதா? பக்கத்து ஊர் விவசாயி பத்து காய் விற்கிறார் என்றால் தாராளமாகத் தட்டலாம். மொத்த வியாபாரியிடம் ஆயிரக்கணக்கில் பொருள்கள். விலையும் அடிக்கடி மாறும். வேலை முடிந்து வந்த ஒருவர் ராத்திரி உட்கார்ந்து அதைத் தட்டுவது நடக்கிற காரியம் இல்லை. தட்டினாலும் தப்பு வரும்.

ஃபுட்சாஃப்ட் தனக்கென்று ஓர் எளிய வடிவத்தை வைத்திருக்கிறது. அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட பத்திகள், அவற்றின் வரிசை நிலையானது: நிலை, பொருள் எண், பெயர், குறிப்பு, உற்பத்தியாளர், எங்கிருந்து வருகிறது, அலகு, நிகர விலை, வரி, வைப்புத்தொகை, பெட்டி அளவு, பிறகு ஒதுக்கி வைத்த இரண்டு காலிப் பத்திகள், கடைசியில் வகை. நிலை என்ற முதல் பத்தியில் 'எக்ஸ்' என்ற எழுத்து இருந்தால் அந்தப் பொருள் இனி கிடையாது என்று அர்த்தம். பெயர் இல்லாத வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். சி.எஸ்.வி.யாகவோ எக்ஸெல் தாளாகவோ கொடுக்கலாம்.

ஆனால் எந்த வியாபாரியும் நமக்காகத் தன் கோப்பை இந்த வடிவத்தில் மாற்றித் தரப் போவதில்லை. ஜெர்மனியில் இயற்கை உணவு வணிகத்தின் சங்கமான பி.என்.என். வகுத்த வடிவம் ஒன்று இருக்கிறது. அந்தத் துறையின் மொத்த வியாபாரிகள் அதில் பட்டியல் தருகிறார்கள். எக்ஸ்.எம்.எல்.லில் பட்டியல் தருபவர்களும் உண்டு. சின்ன வியாபாரி தன் கையால் செய்த எக்ஸெல் தாளை அனுப்புவார், அதிலும் நடுநடுவே நிறம் பூசிய தலைப்பு வரிகளோடு. இந்த இடத்தில்தான் நம்ம ப்ளக்இன் வருது.

ப்ளக்இன் எங்கே உட்காருகிறது?

ஃபுட்சாஃப்ட்டின் மூலநிரலை இறக்கிப் பார்த்தால் 'ப்ளக்இன்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். விக்கி, செய்திகள், ஆவணங்கள், வாக்கெடுப்பு என்று பல வசதிகள் அதற்குள் தனித்தனியாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு ரெயில்ஸ் என்ஜின். அதாவது தனக்கென மாடல், கன்ட்ரோலர், வியூ, மொழிபெயர்ப்புக் கோப்பு எல்லாம் கொண்ட ஒரு குட்டி ரெயில்ஸ் செயலி, பெரிய செயலிக்குள் பொருத்தப்பட்டிருக்கிறது. ஜெம்ஃபைலில் அதன் பாதையை ஒரு வரியாகச் சேர்த்தால் உள்ளே வரும், எடுத்தால் போய்விடும். புதுசா எழுதுறவங்க விக்கி ப்ளக்இன்னைத் திறந்து வச்சுக்கிட்டு அதே அமைப்பைப் பின்பற்றுறது நல்லது. எனக்குத் தெரிஞ்சு எந்த டுடோரியலும் அதைவிடத் தெளிவா சொல்லித் தராது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். ஒரே ஃபுட்சாஃப்ட் நிறுவலில் பல கூட்டுறவுகளை ஓடவிட முடியும். எந்தக் கூட்டுறவுக்கான கோரிக்கை என்பதை முகவரியில் வரும் பெயரைப் பார்த்து முடிவு செய்து, அதன் அமைப்புகளை எடுத்துக்கொள்ளும். ஆகவே 'இந்த ப்ளக்இன் இயக்கத்தில் இருக்கிறதா' என்ற கேள்வியைச் சர்வர் கிளம்பும்போது ஒருமுறை கேட்டு, பதிலை ஒரு மாறியில் போட்டு வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கூட்டுறவு வேண்டும் என்றிருக்கும், இன்னொன்று வேண்டாம் என்றிருக்கும். ஒவ்வொரு கோரிக்கையிலும் அமைப்பிலிருந்து படிக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள ப்ளக்இன்கள் எல்லாவற்றிலும் 'எனேபிள்டு?' என்று ஒரு சின்ன மெத்தட் இருக்கும். அது செய்வது இந்த ஒரு வேலையைத்தான்.

கோப்பு ஏற்றும் பக்கத்தில் 'வடிவம்' என்று ஒரு தேர்வுப் பெட்டியைச் சேர்க்க வேண்டுமா? மூல வியூவைத் தொட வேண்டாம். டிஃபேஸ் என்று ஒரு ஜெம் இருக்கிறது. 'அந்தப் பக்கத்தில், இந்த உறுப்புக்குக் கீழே, இதைச் சேர்' என்று உங்கள் ப்ளக்இன்னிலிருந்தே சொல்லிவிடலாம். வசதிதான். ஆனா மூலப் பக்கத்தின் அமைப்பு நாளைக்கு மாறினால் உங்க சேர்க்கை சத்தமே இல்லாம காணாமப் போயிடும், எர்ரர்கூட வராது. அதனால அந்தத் தேர்வுப் பெட்டி பக்கத்தில் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கிற ஒரு டெஸ்ட்டைக் கட்டாயம் எழுதுங்க.

உள்ளே நடக்கிற வேலை

ப்ளக்இன்னின் இதயம் ஒரு பார்ஸர். அது செய்யவேண்டிய ஒப்பந்தம் ரொம்பச் சின்னது: கோப்பை வரி வரியாகப் படித்து, ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விஷயங்களைத் திருப்பித் தர வேண்டும். நிலை, பொருளின் விவரங்கள் அடங்கிய ஒரு ஹேஷ், வரி எண். நிலை காலியாக இருந்தால் சாதாரணப் பொருள். 'நீக்கப்பட்டது' என்ற குறியீடு வந்தால் வியாபாரி அதை நிறுத்திவிட்டார். நிலை ஒரு வாக்கியமாக, அதாவது ஸ்ட்ரிங்காக வந்தால் அது பிழைச் செய்தி. ஃபுட்சாஃப்ட் அங்கேயே நின்று, எந்த வரியில் பிரச்சினை என்பதைப் பயனருக்குச் சொல்லும்.

அதன் பிறகு நடப்பதை ஃபுட்சாஃப்ட்டே பார்த்துக்கொள்கிறது. பொருள் எண்ணை வைத்து ஏற்கெனவே உள்ள பொருளைத் தேடும். இல்லையென்றால் புதியவை பட்டியலில் சேர்க்கும். இருந்தால், எந்தெந்தப் புலங்கள் மாறியிருக்கின்றன என்று ஒப்பிட்டு, மாறியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். வரி விகிதம் கொடுக்கப்படாவிட்டால் கூட்டுறவின் இயல்பு விகிதத்தைப் போடும். வகையின் பெயரைத் தன்னிடம் உள்ள வகைகளோடு பொருத்திப் பார்க்கும். கடைசியில் எதையும் சேமிக்காமல், மாறியவை, புதியவை, நீங்கியவை என மூன்று குவியலாக ஒரு பக்கத்தில் காட்டும். மாறிய இடங்கள் வேறுபடுத்திக் காட்டப்பட்டிருக்கும். ஒருவர் பார்த்து, சரி என்று அழுத்தினால்தான் டேட்டாபேஸில் போகும்.

என் கருத்தில் இந்த மொத்த அமைப்பிலும் சிறந்த முடிவு அந்த முன்னோட்டப் பக்கம்தான். நம்மில் பலர் ப்ளக்இன் எழுதும்போது முதலில் செய்ய நினைப்பது, 'எதுக்கு இந்த இடைநிலைப் பக்கம், நேராச் சேமிச்சுடலாமே' என்பதுதான். தயவுசெஞ்சு செய்யாதீங்க. விலை 1.89 இருந்த இடத்தில் 1.00 என்று வந்தால் அதைக் கண்டுபிடிக்கும் கடைசி ஆள் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் மனிதர்தான்.

1.00 எங்கிருந்து வரும் என்கிறீர்களா? ஜெர்மனியில் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. விலை '1,89' என்றுதான் கோப்பில் இருக்கும். ரூபியில் இந்த ஸ்ட்ரிங்கை 'டூ எஃப்' மெத்தட் போட்டு எண்ணாக மாற்றினால், காற்புள்ளியைப் பார்த்ததும் நின்றுவிட்டு 1.0 என்று தரும். எர்ரர் கிடையாது, வார்னிங் கிடையாது. முப்பது பாட்டில் விற்றால் நிகர விலையில் மட்டும் 26.70 யூரோ போச்சு. முதலில் காற்புள்ளியைப் புள்ளியாக மாற்றணும். அது மட்டும் போதுமா என்றால் போதாது. ஆயிரத்தைப் பிரிக்க அங்கே புள்ளி போடுவார்கள்: '1.234,50'. ஆகவே முதலில் ஆயிரத்துப் புள்ளியை நீக்கி, பிறகு காற்புள்ளியை மாற்ற வேண்டும். அதே சமயம் ஏற்கெனவே '1.89' என்று புள்ளியோடு தரும் வியாபாரியின் கோப்பில் இதே நிரல் 189 என்று ஆக்கிவிடும்! ஆக, எந்த வடிவத்துக்கு எந்த விதி என்பதை யூகிக்க விடாமல், ஒவ்வொரு வடிவத்தின் பார்ஸரிலும் வெளிப்படையாக எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு. மாற்றும்போது ஃப்ளோட் வேண்டாம், பிக்டெசிமல் பயன்படுத்துங்க. 'டூ எஃப்' போல் விட்டுக்கொடுக்கிற மெத்தட்டுக்குப் பதில், புரியாத எழுத்து வந்தால் எக்ஸெப்ஷன் எறிகிற கண்டிப்பான மாற்றத்தைப் பயன்படுத்தி, அந்தப் பிழையை வரி எண்ணோடு மேலே அனுப்புங்க.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம். பி.என்.என். கோப்புகளைப் படிக்க வேண்டிய குறியாக்கம் ஐ.பி.எம். 850. டாஸ் காலத்து ஆசாமி. ஜெர்மன் எழுத்துகளில் மேலே இரண்டு புள்ளி வைத்த உயிரெழுத்துகள் உண்டு. புள்ளி வைத்த 'யு' எழுத்து ஐ.பி.எம். 850-இல் 129-ஆம் எண், விண்டோஸ் 1252-இல் 252-ஆம் எண். யு.டி.எஃப். 8-இல் 129 என்ற பைட் தனியாக வந்தால் அது செல்லவே செல்லாது, ரூபி பிழை சொல்லிவிடும். அது நல்லது, குறைந்தது தெரிகிறது. மோசமானது, விண்டோஸ் குறியாக்கமாக நினைத்துப் படிப்பது. பாலாடைக்கட்டியைக் குறிக்கும் 'கேஸெ' என்ற ஜெர்மன் சொல்லின் நடு எழுத்து, கீழே தொங்கும் ஒரு மேற்கோள்குறியாக மாறிவிடும். எர்ரர் இல்லாமல் அப்படியே டேட்டாபேஸில் போய் உட்காரும். பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். அதே கதைதான்.

பெயர் அசிங்கமாகத் தெரிவது மட்டுமல்ல பிரச்சினை. முன்பு சரியாக இருந்த பெயரும் இப்போது கெட்டுப்போன பெயரும் வேறுவேறு. ஒப்பிடும் நிரல் புள்ளி எழுத்து உள்ள அத்தனை பொருள்களையும் 'மாறியவை' என்று காட்டும். முன்னோட்டப் பக்கம் நூற்றுக்கணக்கான போலி மாற்றங்களால் நிரம்பிவிடும். பார்ப்பவர் களைத்துப்போய்க் கீழே போய் 'சரி' அழுத்துவார். அந்தக் குப்பைக்குள் நிஜமான விலைத் தவறு ஒன்று ஒளிந்திருந்தால் யார் கண்ணில் படும்? முன்னோட்டப் பக்கம் பயனுள்ளதாக இருக்க வேண்டுமென்றால் அதில் சத்தம் குறைவாக இருக்கணும். பெயருக்கு முன்பின் உள்ள இடைவெளிகளை வெட்டுவது, தொடர் இடைவெளிகளை ஒன்றாக்குவது எல்லாம் இதற்காகத்தான்.

பொருள் எண் பற்றி ஒரு வார்த்தை. அது பார்க்க எண், ஆனால் எண் அல்ல. '00123' என்பதை இன்டிஜராக மாற்றினால் 123 ஆகிவிடும். ஃபுட்சாஃப்ட் பொருளை அடையாளம் காண்பது இந்த எண்ணால் மட்டுமே. இது பொருந்தவில்லை என்றால் பழைய பொருள் கண்டுபிடிக்கப்படாமல், அதே பொருள் புதியதாக இரண்டாம் முறை சேரும். நீங்கள் ஸ்ட்ரிங்காக வைத்திருந்தாலும், நடுவில் யாராவது சி.எஸ்.வி.யை எக்ஸெலில் திறந்து சேமித்தால் முன்சுழியங்கள் போய்விடும். அதனால் வியாபாரி தந்த கோப்பை அப்படியே, திறக்காமல், ஏற்றச் சொல்லி அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வைங்க.

இதோடு தொடர்புள்ள ஆபத்தான ஒரு தேர்வுப் பெட்டி உண்டு: 'கோப்பில் இல்லாத பொருள்களை நீக்கு'. முழுப் பட்டியல் தரும் வியாபாரிக்கு இது ரொம்ப உதவி. ஆனால் சில வியாபாரிகள் மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பும் தருவார்கள். அதை ஏற்றும்போது இந்தப் பெட்டியில் டிக் இருந்தால், மாறாத பொருள் எல்லாம் நீங்கியவை பட்டியலில் வந்து நிற்கும். டவுன்லோட் பாதியில் நின்றுபோன கோப்பும் இதையே செய்யும். ஃபுட்சாஃப்ட் இதில் கொஞ்சம் யோசித்திருக்கிறது: பொருள் எண்ணே இல்லாமல் கையால் சேர்த்த பொருள்களை இந்த வழியில் நீக்காது. நீக்கும் பொருளையும் டேட்டாபேஸிலிருந்து அழிக்காது, நீக்கிய தேதியைக் குறித்து மறைத்து வைக்கும், பழைய ஆர்டர்களின் கணக்கு கெடாது. ஆனாலும் உங்கள் வடிவம் முழுப் பட்டியலா, பகுதிப் பட்டியலா என்பதை ப்ளக்இன் தெரிந்து வைத்திருந்து, பகுதிப் பட்டியல் என்றால் அந்தப் பெட்டியையே காட்டாமல் விடுவது நல்ல பழக்கம்.

வடிவத்தை யார் சொல்வது?

பயனரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். அல்லது நிரலே கண்டுபிடிக்கலாம். பி.என்.என். கோப்பின் முதல் வரி பி.என்.என். என்ற மூன்று எழுத்தில் தொடங்கும், அடுத்த பத்தியில் பதிப்பு எண் 3 இருக்கும். இதைப் பார்த்தாலே போதும். எக்ஸ்.எம்.எல்.லில் வேர் உறுப்பின் பெயரைப் பார்க்கலாம். ஃபுட்சாஃப்ட்டோடு சேர்ந்து இயங்கும் ஷேர்டுலிஸ்ட்ஸ் என்ற தனி மென்பொருள் ஒன்று உண்டு, பல கூட்டுறவுகள் ஒரே வியாபாரியின் பட்டியலைப் பகிர்ந்துகொள்வதற்காக எழுதப்பட்டது. அதில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு மாட்யூல், அதற்குள் கண்டுபிடிக்க ஒரு மெத்தட், பார்ஸ் செய்ய ஒரு மெத்தட் என்று பிரித்திருக்கிறார்கள். கண்டுபிடிக்கும் மெத்தட் 'ஆம், இல்லை' சொல்வதற்குப் பதில் 0 முதல் 1 வரை ஒரு மதிப்பெண் தரும். எல்லா மாட்யூலிடமும் கேட்டு, அதிக மதிப்பெண் தந்ததை எடுத்துக்கொள்ளலாம். நம்ம ப்ளக்இன்னுக்கும் இந்த அமைப்பையே பரிந்துரைப்பேன். நாளைக்கு இன்னொரு வடிவம் வந்தால் இன்னொரு ஃபைலைச் சேர்த்தால் போதும். கண்டுபிடிக்கும் மெத்தட் வேலை முடிந்ததும் கோப்பின் படிப்புமுனையைத் தொடக்கத்துக்குத் திருப்ப மறக்காதீங்க. மறந்தா முதல் வரி காணாமப் போயிருக்கும், நீங்க அரை நாள் தலையைப் பிச்சுக்குவீங்க.

குறியீடுகள் என்று இன்னொரு சமாச்சாரம். பி.என்.என். கோப்பில் வரி '7 சதவீதம்' என்று எழுதியிருக்காது, ஒரு குறியீட்டு எண் இருக்கும். பொருளின் வகையும் அப்படியே. அந்தக் குறியீட்டை அர்த்தமாக மாற்றும் அட்டவணையை நிரலுக்குள் எழுதாமல் தனி ஒய்.ஏ.எம்.எல். கோப்பில் வையுங்கள். காரணம் இருக்கிறது. ஜெர்மனியில் பெரும்பாலான உணவுப் பொருளுக்கு வரி 7, பொது விகிதம் 19. கொரோனா காலத்தில் 2020 ஜூலை முதல் டிசம்பர் வரை அதை 5, 16 என்று குறைத்தார்கள், பிறகு பழைய விகிதத்துக்கே திரும்பினார்கள். குறியீடு மாறவில்லை, அர்த்தம்தான் மாறியது. நெதர்லாந்தில் உணவுக்கு 9 சதவீதம், ஆஸ்திரியாவில் 10. நிரலுக்கு நடுவில் 7 என்று எழுதி வைத்த ப்ளக்இன் எல்லை தாண்டினால் உதவாது.

அலகுகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கே சுருக்கமா. வியாபாரி ஒரு கிலோ என்று பட்டியலிடுகிறார், கூட்டுறவு அதை 500 கிராமாகப் பிரித்துக் கொடுக்கிறது. கோப்பை ஏற்றும்போது கூட்டுறவின் அலகை வைத்துக்கொண்டு, விலையைப் பாதியாக்கி, பெட்டி அளவை இரட்டிப்பாக்கும் வசதி ஃபுட்சாஃப்ட்டில் இருக்கிறது. இதற்கு ரூபி யூனிட்ஸ் என்ற ஜெம்மைப் பயன்படுத்துகிறார்கள். '500கி', '0,5 லி' மாதிரி வருவதை அந்த ஜெம்முக்குப் புரியும் வடிவில் தருவது பார்ஸரின் பொறுப்பு. விலை ஒரு பாட்டிலுக்கா, பெட்டிக்கா என்பதையும் முதலிலேயே வியாபாரியிடம் கேட்டுவிடுங்கள். ஃபுட்சாஃப்ட்டுக்கு வேண்டியது ஓர் அலகின் விலை. கோப்பில் பெட்டி விலை இருந்தால் பெட்டி அளவால் வகுக்கணும். பட்டியலைப் பார்த்து மட்டும் இதை முடிவு செய்யாதீங்க. 11.34 என்பது நல்ல ஆலிவ் எண்ணெய் ஒரு பாட்டிலின் விலையாகவும் இருக்கலாம், 1.89 விலையுள்ள சாஸ் ஆறின் விலையாகவும் இருக்கலாம்.

எழுதியதைச் சோதிப்பது

டெஸ்ட்டுக்கு வியாபாரியின் முழுக் கோப்பையும் ரெப்போவில் போடாதீங்க. அது அவருடைய விலைப்பட்டியல், பொதுவில் வைக்க நமக்கு உரிமை இல்லை. ஐந்தாறு வரிகளைக் கொண்ட ஒரு குட்டிக் கோப்பைக் கற்பனைப் பெயர்களோடு நீங்களே உருவாக்குங்க. ஆனா குறியாக்கம் நிஜக் கோப்பில் உள்ளதாகவே இருக்கணும். எடிட்டர் தானாக யு.டி.எஃப். 8-ஆக மாற்றிச் சேமித்துவிட்டால் டெஸ்ட் பாஸாகும், நிஜக் கோப்பு ஃபெயிலாகும். அந்த ஐந்தாறு வரிகளில் என்ன இருக்கணும்? புள்ளி எழுத்து உள்ள ஒரு பெயர், சுழியத்தில் தொடங்கும் ஒரு பொருள் எண், வைப்புத்தொகை உள்ள ஒரு பாட்டில், நிறுத்தப்பட்ட ஒரு பொருள், பெயருக்குள் மேற்கோள்குறி உள்ள ஒரு பொருள். கடைசியில் சொன்னது ரூபியின் சி.எஸ்.வி. நூலகத்தை நிலைகுலையச் செய்யும், ஏனென்றால் மேற்கோள்குறி அதற்குப் பத்தியின் எல்லை. இவற்றோடு வேண்டுமென்றே விலையைக் கெடுத்த ஒரு வரியைத் தனிக் கோப்பில் வைத்து, பிழைச் செய்தியில் சரியான வரி எண் வருகிறதா என்று பாருங்க. தலைப்பு வரியை எண்ணுவதா வேண்டாமா என்ற குழப்பத்தில் ஒன்று கூடுவதும் குறைவதும் சகஜம்.

மொழிபெயர்ப்பையும் விட்டுவிடக் கூடாது. ஃபுட்சாஃப்ட்டில் பயனர் பார்க்கும் எந்த வாக்கியமும் நிரலில் நேரடியாக இருக்காது, மொழிக் கோப்பில் இருக்கும். உங்கள் பிழைச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதி அந்தக் கோப்பில் வைத்தால், ஜெர்மனும் டச்சும் தெரிந்தவர்கள் மொழிபெயர்த்துக்கொள்வார்கள். 'இன்வாலிட் இன்புட்' என்று எழுதாம, '214-ஆம் வரியில் விலை புரியவில்லை' என்கிற மாதிரி எழுதுங்க. படிக்கப் போகிறவர் புரோகிராமர் இல்லை. ஆர்டர் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும் நிலையில், கையில் ஒரு கோப்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு தன்னார்வலர்.

முயற்சி செய்ய நினைப்பவர்களுக்கு: மூலநிரலோடு டாக்கர் கம்போஸ் கோப்பும் இருக்கிறது. மரியா டிபி, ரெடிஸ் இரண்டையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. டேட்டாபேஸைத் தயார்செய்யும் கட்டளை மாதிரித் தரவையும் போட்டுவிடும். 'அட்மின்' என்ற பெயரிலும் 'சீக்ரெட்' என்ற கடவுச்சொல்லிலும் உள்ளே போகலாம். போனதும் ஒரு வியாபாரியைத் திறந்து, அவருடைய பொருள்கள் பக்கத்தில் 'அப்லோட்' அழுத்துங்க. ப்ளக்இன் எழுதும் முன், ஃபுட்சாஃப்ட்டின் சொந்த வடிவத்தில் மூன்று வரிக் கோப்பு ஒன்றைக் கையால் எழுதி ஏற்றிப் பாருங்க. பிறகு அதே கோப்பில் ஒரு விலையை மட்டும் மாற்றி மறுபடி ஏற்றுங்க. முன்னோட்டப் பக்கத்தில் அந்த ஒரே ஒரு கட்டம் மட்டும் மாறியதாகத் தெரிந்தால், உங்க ப்ளக்இன் எங்கே வந்து சேரணும் என்பது பிடிபட்டுவிட்டது, பார்ஸரை எழுதத் தொடங்கலாம்.